மூன்று இடத்தில் உடைந்த ஒலி: லேப் ஸ்டீல் கிட்டாரில் டிஸ்டார்ஷன் தேடிய ஒரு நிகழ்வு

பின்னணி

நான்கு பேர் கொண்ட ஒரு இசைக்குழு. அதில் மின் கிட்டார் வாசித்தவர் விலகிப் போனதும், அவர் வாசித்துவந்த தனி இடங்கள் எல்லாம் லேப் ஸ்டீல் (மடியில் கிடத்தி, கம்பி மேல் உலோகத் தண்டை நகர்த்தி வாசிக்கும் மின் கிட்டார்) வாசிப்பவரின் மடியில் வந்து விழுந்தன. ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருடமாகச் சுத்தமான, கண்ணாடி மாதிரி ஒலியை மட்டுமே வாசித்துப் பழகியவர். இப்போது அவரிடம் குழு கேட்டது அதற்கு நேர் எதிரானது: ராக் பாட்டுக்கு ஏற்ற, கரகரத்து நீண்டு நிற்கிற ஒலி. குழுவின் பாஸ் கிட்டார்காரர் இளைஞர். அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் லிண்ட்லி ரிக்கன்பேக்கர் லேப் ஸ்டீலில் வாசித்த பதிவுகளைக் கேட்கவைத்து, "அண்ணே, இதுதான் வேணும்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஆம்ப் பழுது பார்ப்பவன். இடையிடையே மேடை ஒலியும் கவனிப்பேன். அவர் என்னிடம் வந்தபோது ஏற்கெனவே இரண்டு மாதம் தனியாகப் போராடி முடித்திருந்தார். "தம்பி, கெயினை எவ்வளவு திருகினாலும் கொசுக்கூட்டம் மாதிரிதான் கேக்குது. பெடல் சரியில்லையா, ஆம்ப் சரியில்லையா, நான் சரியில்லையா?" என்று கேட்டார். கெயின் என்பது சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் குமிழ். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

அவர் கையில் இருந்தவை: சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம், வைத்த ஆறு கம்பி லேப் ஸ்டீல், சி6 சுருதி, அதாவது தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. ஒரு வால்யூம் பெடல். புதிதாக வாங்கிய டிஸ்டார்ஷன் பெடல். 15 அங்குல ஸ்பீக்கரோடு 200 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்.

ஆம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீல் கிட்டாருக்கென்று செய்யப்படும் பெரிய ஆம்ப்கள் எவ்வளவு சத்தம் வைத்தாலும் ஒலி உடையக்கூடாது, அதாவது கரகரக்கக்கூடாது என்ற நோக்கத்தில் உருவானவை. 1930களில் முதல் லேப் ஸ்டீல்களோடு வந்த சின்ன வால்வு ஆம்ப்கள் லேசாக அழுத்தினாலே கரகரக்கும். அதை ஒழிக்க ஸ்டீல் உலகம் பல பத்தாண்டுகள் பாடுபட்டது. இவர் அந்த உழைப்பின் விளைவை வைத்துக்கொண்டு அதற்கு நேர் எதிரானதைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் கேட்டது

வழக்கமாக வீட்டில் எப்படி வைப்பாரோ அப்படியே வைத்து வாசிக்கச் சொன்னேன். கேட்டவுடன் எழுதிவைத்த குறிப்புகள் இவை. ஒற்றைக் கம்பி வாசிக்கும்போது ஒலி தடிமனாகத்தான் இருந்தது, ஆனால் கம்பியைத் தட்டும் முதல் அடி காணாமல் போயிருந்தது. இரண்டு கம்பி சேர்ந்ததும் உள்ளே ஏதோ உறுமியது. மூன்று கம்பி என்றால் என்ன சுரம் என்றே சொல்ல முடியவில்லை. பார் (இடது கையில் பிடிக்கும் உலோகத் தண்டு) கம்பி மேல் நகரும் உரசல் சுரத்தின் அளவுக்கே சத்தமாகக் கேட்டது. கையை எடுத்தால் ஹம் என்ற மின் ரீங்காரம். அதற்கெல்லாம் மேலே, தடித்த சி கம்பியைத் தட்டும்போது மட்டும் ஒரு தகரம் அதிரும் சத்தம்.

அந்தத் தகரச் சத்தத்தை முதலில் பிரிக்க வேண்டியிருந்தது. வேண்டிய டிஸ்டார்ஷனும் பழுதால் வரும் டிஸ்டார்ஷனும் ஒரே ஸ்பீக்கரில் வரும்போது காது இரண்டையும் கலந்துதான் கேட்கும். பெடல்களைக் கழற்றி, ஆம்பைச் சுத்தமான நிலையில் வைத்துக் கம்பியைத் தட்டினோம். அப்போதும் அதிர்ந்தது. ஆம்பின் லைன் அவுட்டில் ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டபோது அது இல்லை. அப்படியானால் மின்சாரத்தில் பிறந்த சத்தம் அல்ல, ஏதோ ஒரு பொருள் அதிர்கிறது. ஆம்பின் பின்பலகையில் இரண்டு திருகுகள் தளர்ந்திருந்தன. முறுக்கியதும் போனது. இரண்டு மாதமாக அவர் பெடலைக் குறை சொன்னதில் ஒரு பங்கு இந்தத் திருகுகளுடையது.

சங்கிலியைக் கழற்றிப் பார்த்தது

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பிக்கப்பின் மின்தடையை அளந்தால் 17 கிலோஓம் பக்கம் வந்தது. சாதாரண சிங்கிள் காயில் கிட்டார் பிக்கப்கள் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோஓம்தான் இருக்கும். மின்தடை மட்டும் வெளியீட்டைச் சொல்லிவிடாது என்றாலும், இதில் சுற்றுகள் அதிகம், வெளியீடு பலம் என்பது கேட்கும்போதும் தெரிந்தது. அதாவது, பெடலுக்குள் நுழையும்போதே சிக்னல் பெரியது.

பெடலில் கெயின் முழுசாகத் திறந்திருந்தது. வெளியீட்டு அளவும் முழுசு. ஆம்பின் முன்நிலை (சிக்னலை முதலில் பெருக்கும் கட்டம்) கெயினும் முழுசு. மொத்தச் சத்தத்தை வைக்கும் மாஸ்டரை மட்டும் வீட்டுக்காகக் குறைத்திருந்தார். கம்பியைத் தொட்டாலே ஆம்பின் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்து அணையாமல் நின்றது.

டிஸ்டார்ஷன் என்பது அடிப்படையில் அலையின் உச்சியும் அடியும் வெட்டப்படுவது. வெட்டும் இடத்தில் புதிய மேல் அதிர்வெண்கள் பிறக்கின்றன, காது அதைக் கரகரப்பாகக் கேட்கிறது. ஒரு இடத்தில் அழகாக வெட்டினால் போதும். இங்கே பெடலின் முதல் கட்டம் வெட்டியது, வெட்டியதை டயோடுகள் மறுபடி வெட்டின, அதை ஆம்பின் முன்நிலை மூன்றாவது தடவை வெட்டியது. ஏற்கெனவே தட்டையான உச்சியை மறுபடி வெட்டினால் தட்டலின் விசைக்கும் மெல்லிய தொடுகைக்கும் உள்ள வேறுபாடு முழுக்க அழிந்துபோகும். சின்னச் சத்தங்கள் எல்லாம் மேலே ஏறிவரும். பார் உரசலும் ஹம்மும் சுரத்துக்குச் சமமாகக் கேட்டதற்கு இதுதான் காரணம்.

"எந்த இடத்தில் உடையணும்னு நாம முடிவு பண்ணணும், மத்த இடமெல்லாம் சுத்தமா இருக்கணும்" என்றேன். அவர், "அப்போ நான் திருகினது எல்லாம் தப்பா?" என்றார். தப்பு என்று சொல்ல முடியாது. டிஸ்டார்ஷன் வேண்டும் என்றால் கெயினைக் கூட்டு என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள்.

நான் எடுத்த முதல் முடிவும் அதன் குறையும்

உடைய வேண்டிய இடம் வால்வு ஆம்பின் பவர் நிலை, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டம்தான் என்று நான் முடிவு செய்தேன். என்னிடம் இருந்த 15 வாட் வால்வு ஆம்ப், 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரோடு. பெடலே இல்லாமல் நேராகச் செருகி, வால்யூமை முக்கால்வாசி திறந்தோம். அந்த அறையில் அவர் முகம் மாறியதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். மெதுவாகத் தொட்டால் சுத்தம், அழுத்தினால் கரகரப்பு, பார் அசைவு ஒவ்வொன்றும் பாடியது.

200 வாட்டோடு ஒப்பிட்டால் 15 வாட் மேடைக்குப் போதுமா என்று பாஸ்காரர் சந்தேகப்பட்டார். கணக்குப்படி இரண்டுக்கும் இடையே சுமார் 11 டெசிபல்தான் வேறுபாடு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலத் தோன்றும், பதின்மூன்று மடங்கு போல அல்ல. மைக் வைத்தால் பிரச்சினையே இல்லை என்று சமாதானம் சொன்னேன்.

சத்தம் பிரச்சினையாக இல்லை. குழுவின் பாட்டுகளில் பாதிக்கு மேல் சுத்தமான ஒலி வேண்டியவை என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை, பிரச்சினை அங்கே வந்தது. மேடையில் டிரம்ஸுக்கு மேல் கேட்க வேண்டும் என்றால் சின்ன ஆம்ப் உடைந்துதான் ஆகும். மெல்லிய பாட்டிலும் கரகரப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. சரி, இரண்டு ஆம்பும் எடுத்துப் போகலாம், இடையில் ஒரு மாற்றுப் பெட்டி என்று அடுத்த ஏற்பாடு. இரண்டையும் இணைத்த உடனே பலமான ஹம். இரண்டு ஆம்பின் எர்த்தும் கேபிள் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்துவிட்டது.

குழுவில் ஒருவர், ஒரு ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் போகும் என்றார். போகும்தான். ஆனால் அந்த ஆம்பில் உள்ளே ஒரு பழுது வந்தால், மின்சாரம் போகும் வழி கம்பியில் கை வைத்திருப்பவரின் உடம்பாக இருக்கும். ஸ்டீல் வாசிப்பவருக்கு ஒரு கை எப்போதும் உலோக பாரின் மேல், அது எப்போதும் கம்பியின் மேல். இதை நான் பேச்சுக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சிக்னலைப் பிரிக்கும் மாற்றுப் பெட்டி ஒன்றைக் கடன் வாங்கினோம். இரண்டு ஆம்பும் எர்த்தோடு இருக்க, ஹம் நின்றது. ஒரு நிகழ்ச்சிக்கு அப்படியே போனார். இரண்டு ஆம்பையும் தூக்கி ஏற்றி இறக்கிய அன்று இரவே, "ஒலி நல்லாத்தான் இருக்கு, முதுகு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது முடிவு: பெரிய ஆம்ப் சுத்தமாக, பெடல் மட்டும் உடைய

பெரிய ஆம்பை அதன் இயல்புக்கே விட்டோம். முன்நிலை கெயினை எச்சரிக்கை விளக்கு எரியாத அளவுக்கு இறக்கி, மாஸ்டரை ஏற்றினோம். அலையை வெட்டுவது பெடலின் வேலை, அதுவும் ஒரே இடத்தில்.

அவர் வாங்கிய பெடல் எல்லா அதிர்வெண்ணையும் அப்படியே விழுங்கி முரட்டுத்தனமாக வெட்டும் வகை. அதை எடுத்துவிட்டு ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் ஒன்றைப் போட்டோம். இதற்குக் காரணம் பெயரோ புகழோ இல்லை, உள்ளே இருக்கும் சுற்று. அந்த வகைச் சுற்றில், ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக வெட்டு குறைந்துகொண்டே வரும். கீழ் ஒலி குழம்பாமல் இருக்கும், நடு ஒலி முன்னுக்கு வரும். ஸ்டீல் வாசிப்பவர்களில் பலர் ஆம்பில் 800 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டை (நடு ஒலியை) குறைத்து வைப்பது வழக்கம், இவரும் அப்படித்தான். சுத்தமான ஒலிக்கு அது இனிமை. டிஸ்டார்ஷனுக்கு அது ஆளை மறைத்துவிடும், ஏனென்றால் கீழே பாஸ் கிட்டாரும் மேலே சிம்பலும் இருக்க, நடுவில் மட்டுமே அவருக்கு இடம். வீட்டில் தனியாகக் கேட்கும்போது தடிமனாக இருந்தது குழுவில் காணாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். புதிய பெடல் அந்த நடு ஒலியைத் தானே நிரப்பியதால் ஆம்பைப் பாட்டுக்குப் பாட்டு மாற்ற வேண்டியதில்லை.

பெடலுக்கு முன்னால் ஒரு ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வைத்து 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேலும் கொஞ்சம் குறைத்தோம். கெயின் கால்வாசி. அவருக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை, "இவ்வளவுதானா?" என்றார். பலமான பிக்கப்புக்கு அவ்வளவே போதும். மேல் பக்கத்தில் ஒரு எரிச்சல் மிஞ்சியது: சாதாரண 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சட்டென்று இறங்கிவிடும், டிஸ்டார்ஷனின் கொசுச் சத்தம் அதில் தானாகவே வடிகட்டப்படும். இவருடைய 15 அங்குல ஸ்பீக்கர் அதையெல்லாம் விசுவாசமாக வெளியே அனுப்பியது. பெடலின் டோனை நன்றாகக் குறைத்தும், சுத்தமான ஒலி மங்காத அளவுக்கு ஆம்பின் டிரெபிளை இறக்கியும் சரிக்கட்டினோம். முழுக்கப் போகவில்லை. சின்ன ஆம்பின் ஒலிக்கு இது சமம் என்று நான் சொல்லமாட்டேன்.

வால்யூம் பெடல் எங்கே

இதில்தான் அதிக நேரம் போனது. முப்பது வருடப் பழக்கத்தில் அவர் வால்யூம் பெடலைப் பாதியில் வைத்துத் தொடங்கி, சுரம் தேய்ந்துவர வர மெல்ல அழுத்திக்கொண்டே போவார். அதனால் சுரம் தேயாமல் நிற்பது போலக் கேட்கும். அவருடைய அமைப்பில் வால்யூம் பெடல் முதலில், டிஸ்டார்ஷன் பின்னால். அந்த வரிசையில் கால் மாற்றுவது சத்தத்தை அல்ல, எவ்வளவு வெட்டுகிறது என்பதை. பெடலின் மேல் பாதியில் எதுவுமே மாறாது, கீழ்ப் பாதியில் திடீரென்று சுத்தமாகிவிடும். "கால் செத்துப்போன மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னது அதனால்தான்.

ஓவர்டிரைவுக்குப் பின்னால் மாற்றினோம். கால் மறுபடி உயிர் பெற்றது: கரகரப்பு ஒரே அளவில் இருக்க, சத்தம் மட்டும் ஏறி இறங்கியது. அதோடு, பிக்கப்போடு நேராக இணைந்த பாஸிவ் வால்யூம் பெடலைப் பாதியில் வைத்தால் மேல் ஒலி மங்கும். இப்போது ஓவர்டிரைவின் வெளியீட்டுக்குப் பின்னால் இருப்பதால் அது குறைந்தது. இழந்தது ஒன்று: காலால் சுத்தமாக்கும் வசதி. அதற்குக் கிட்டாரின் வால்யூம் குமிழ் இருக்கிறது. வலது கை சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அந்தக் குமிழை அவர் இத்தனை வருடமாக முழுசாகத் திறந்தே வைத்திருந்தார். சுண்டுவிரல் பழக மூன்று வாரம் ஆனது.

சுருதி: உறுமல் எங்கிருந்து வந்தது

எல்லாம் சரியானபின்னும் இரண்டு மூன்று கம்பி சேர்ந்தால் உறுமல் தொடர்ந்தது. இது பெடலிலோ ஆம்பிலோ இல்லை, சி6 சுருதியிலேயே இருந்தது.

வெட்டும் சுற்றுக்குள் இரண்டு சுரம் ஒன்றாக நுழைந்தால் அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களும், ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த அதிர்வெண்களும் பிறக்கும். சி6 சுருதியில் ஜி-யும் ஏ-யும் அடுத்தடுத்த கம்பிகள்: 196, 220 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் 24 ஹெர்ட்ஸ் துடிப்பும், 172, 244 ஹெர்ட்ஸ் பக்கம் பாட்டுக்கே சம்பந்தமில்லாத சுரங்களும் வருகின்றன. சுத்தமான ஒலியில் இனிக்கிற அந்த ஆறாவது சுரம் டிஸ்டார்ஷனில் சேறாகிவிடும். கீழ் சி-யும் ஜி-யும் சேர்ந்தால் வித்தியாசம் சுமார் 65 ஹெர்ட்ஸ், அது இன்னும் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சி. அதனால்தான் ராக் கிட்டார்காரர்கள் சி-ஜி போன்ற ஐந்தாம் இடைவெளியையே பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மேல் சி, ஈ கம்பிகள் இன்னும் சுவாரசியம். டியூனர் காட்டும் இடத்தில் ஈ 329.6 ஹெர்ட்ஸ், சி 261.6. வித்தியாசம் 68. வர வேண்டிய சி 65.4. அதாவது அரை செமிடோனுக்கும் மேலே தள்ளி ஒரு பொய்யான அடிச்சுரம் கீழே உறுமுகிறது. ஈ-யை 327 ஹெர்ட்ஸுக்கு, அதாவது 14 சென்ட் (ஒரு செமிடோனில் நூறு சென்ட்) இறக்கினால் வித்தியாசம் 65.4 ஆகி, உறுமல் சட்டென்று அடங்கிவிடும். பல ஸ்டீல் வாசிப்பவர்கள் மூன்றாம் சுரத்தை (இங்கே ஈ) காதால் கொஞ்சம் இறக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். இவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் வைத்திருந்தாராம். கிளிப் டியூனர் வாங்கியபின் விட்டுவிட்டார். டிஸ்டார்ஷனைப் போட்டுக்கொண்டே ஈ கம்பியை இறக்கச் சொன்னேன். உறுமல் மெதுவாகி, மெதுவாகி, நின்றது. "அட!" என்று சொல்லிவிட்டு அதையே நாலைந்து தடவை ஏற்றி இறக்கிக் கேட்டார்.

ஏ கம்பிக்கு இரண்டு வழி பார்த்தோம். ஜி-க்கு இறக்கி இரண்டு ஜி கம்பியாக வைத்துக்கொள்வது ஒன்று. தடிமனாக, பிரமாதமாக இருந்தது, ஆனால் சுத்தமான பாட்டுக்கு ஏ வேண்டும். ஏ-யைத் தொடாமல் அடக்கிவைத்து வாசிப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தார். இங்கேதான் கைவேலை முழுசும் வெளியே வந்தது: டிஸ்டார்ஷனில் ஒலிக்கக்கூடாத கம்பி ஒலித்தால் மன்னிப்பே கிடையாது. வலது உள்ளங்கை ஓரத்தால் அடக்குவது, பாருக்குப் பின்னால் இடது விரல்களைக் கம்பி மேல் படரவிடுவது, இரண்டையும் சுத்தமான ஒலியில் சுமாராகச் செய்தாலும் யாருக்கும் தெரியாது. இங்கே தெரிந்தது.

மேடையில்

இந்தப் புதிய அமைப்போடு போன முதல் நிகழ்ச்சியில் ஹம் அதிகம். அவர் உட்கார்ந்த இடத்துக்கு அருகில் விளக்குகளின் டிம்மர் இருந்தது. நாற்காலியைச் சுமார் கால் வட்டம் திருப்பியதும் பெரும்பகுதி போனது. சிங்கிள் காயிலுக்குத் திசை முக்கியம். கீழ் ஒலியும் வீட்டில் வைத்ததைவிட இன்னும் குறைக்க வேண்டியிருந்தது. தனி இடம் வந்தபோது ஓவர்டிரைவால் சத்தம் ஏறவில்லை, கரகரப்பு மட்டும்தான் ஏறியது. வெட்டப்பட்ட அலை அமுங்கித்தான் இருக்கும். பெடலின் வெளியீட்டைக் கொஞ்சம் ஏற்றினோம். அடுத்த நிகழ்ச்சியில் ஒலிப்பதிவு கேட்டோம்: அவர் வாசிப்பு தெளிவாக முன்னால் நின்றது, ஒவ்வொரு சறுக்கலும் கேட்டது.

இப்போது செய்தால் மாற்றுவது

பாட்டுப் பட்டியலை முதல் நாளே கேட்டிருப்பேன். வால்வு ஆம்பில் போன மூன்று வாரமும் ஒரு முதுகுவலியும் மிச்சமாகியிருக்கும். பெடலை மாற்றும் முன்பே சுருதியைப் பார்த்திருப்பேன். அது செலவே இல்லாத சோதனை. முதல் சோதனையைக் குழு முழுசும் வாசிக்கும் இடத்தில் வைத்திருப்பேன். பழைய டிஸ்டார்ஷன் பெடலை அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டோமோ என்றும் தோன்றுகிறது. கெயினைக் கால்வாசிக்கு இறக்கி, முன்னால் கீழ் ஒலியைக் குறைத்து அதையும் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும்.

சின்ன ஆம்பைப் பதிவு செய்யும்போது மட்டும் வாங்கிப் போகிறார். மேடையில் பெரிய ஆம்பும் ஒரு பெடலும்தான். ஏ கம்பியை அடக்கி வாசிப்பதில் கை தேறிவிட்டது, ஆனால் அந்த இரட்டை ஜி ஒலியை அவரால் மறக்க முடியவில்லை. கடைசிக்கு முந்தின பாட்டுக்கு மட்டும் கம்பியை இறக்கிக்கொள்கிறார். அது முடிந்ததும் மறுபடி ஏ-க்கு ஏற்றும் நேரத்துக்காகப் பாஸ்காரர் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசுகிறார்.